நாஞ்சில் நாட்டு மருத்துவ மரபில் நீர்நோய் மூலிகைகள்: பெயர், பயன், பாதுகாப்பு – மண்டைக்காட்டுக் கடலோரப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு எனத் தமிழ் மருத்துவம் வகுத்துரைக்கும் நோய்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பகுதியில் வழங்கிவரும் மூலிகைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்ச் சித்த மரபும் மலையாள ஆயுர்வேத மரபும் சந்திக்கும் எல்லைநிலமாக இப்பகுதி விளங்குவதால் ஒரு செடிக்குப் பல பெயரும், ஒரு பெயருக்குப் பல செடியும் அமைந்துள்ளன. மூலிகைகளின் பாதுகாப்பு குறித்த கேள்வி செடியின் இயல்பை மட்டும் சார்ந்ததன்று; பெயர், அளவு, காலம், நோயறிதல் ஆகிய நான்கையும் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நீர்நோய், நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை, நாஞ்சில் நாடு, மண்டைக்காடு, மருந்துப் பாதுகாப்பு.

முன்னுரை

நாஞ்சில் நாடு என்னும் பெயர் குறுகிய பொருளில் தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய வட்டங்களின் வயற்பகுதியைக் குறிக்கும். இன்றைய வழக்கில் அது கன்னியாகுமரி மாவட்டம் முழுவதற்கும் ஆகிவந்துள்ளது. மண்டைக்காடு அமைந்துள்ள கல்குளம் பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூரின் (பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியின்) ஆளுகையில் இருந்தது. மேற்கே குளச்சல் துறைமுகமும், அருகில் கனிம மணலுக்குப் பெயர்பெற்ற மணவாளக்குறிச்சியும், வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் நெய்யூரும் உள்ளன. மாசி மாதக் கொடை விழாவின்போது தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெண்கள் பெருந்திரளாக மண்டைக்காட்டுப் பகவதி கோயிலுக்கு வருகின்றனர். புற்றே கருவறைத் திருமேனியாக அமைந்த இக்கோயிலில் தலைநோய் நீங்குவதற்காக மண்டையப்பம் படைத்து நேர்ச்சை செலுத்தும் வழக்கம் இன்றும் உண்டு.

தலைநோய்க்கு ஊரறிய ஒரு நேர்ச்சை இருப்பதுபோல நீர்நோய்க்கு இல்லை. அது வெளியே சொல்லத் தயங்கும் நோய்; குறிப்பாகப் பெண்கள் மறைக்கும் நோய். எனவே அதன் மருத்துவம் பெரும்பாலும் கொல்லைப்புறச் செடியிலும் மூத்தோர் சொல்லிலும் தொடங்குகிறது. அவ்வாறு தொடங்கும் மருத்துவத்தில் எது மரபறிவு, எது மரபின் பெயரால் நிகழும் பிழை என்று பிரித்தறிவது ஆய்வாளர்க்குரிய பணியாகும்.

நீர்நோய் பற்றிய தமிழ் மருத்துவப் பகுப்பு

சித்த மருத்துவம் நீர்நோய்களை நீரினைப் பெருக்கல், நீரினை அருக்கல் என இரண்டாகப் பகுக்கிறது. நீரிழிவு முதலியன முதல் வகையைச் சாரும். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு முதலியன இரண்டாம் வகையில் அடங்கும். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரத் தேர்வு தனி இடம் பெற்றது. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் இத்தேர்வுக்கே உரியவை. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தும் நீர்க்குறியில் நோக்கப்படும். நெய்க்குறியில் நல்லெண்ணெய்த் துளி நீரின்மேல் பாம்புபோல் நீண்டால் வாதம், ஆழிபோல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்று கொள்வர்.

உடலின் பதினான்கு வேகங்களுள் சிறுநீரையும் ஒன்றாக வைத்து, அதனை அடக்குதல் நோய்க்குக் காரணமாகும் என்று இம்மரபு வற்புறுத்துகிறது. கடலிலும் கரையிலும் வெயிலில் உழைக்கும் மக்களுக்கும், ஒதுங்க இடமின்றி நாள் முழுதும் நீரை அடக்கிக்கொள்ளும் பெண்களுக்கும் இவ்வறிவுரை வெறும் ஏட்டுச் செய்தியன்று. நீர் குறைவாக அருந்துவதும் வியர்வை மிகுவதும் சிறுநீரைச் செறிவாக்கிக் கல் உண்டாக ஏதுவாகின்றன என்பது இக்கால மருத்துவமும் ஏற்கும் உண்மை.

எனினும் இப்பகுப்பில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளை, வெட்டை, மேகம் முதலிய சொற்கள் பால்வினை நோய்களையும், பிற காரணங்களால் உண்டாகும் நீரெரிச்சலையும் ஒருங்கே சுட்டின. இதனால் நீரெரிச்சல் என்று சொல்வதே ஒழுக்கத்தின்மீது ஐயம் எழுப்பும் செயலாயிற்று. நோயை மறைத்துத் தாமே மருந்துண்ணும் பழக்கத்துக்குச் சொல்வழக்கும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

எல்லைநிலத்தின் மூலிகைகள்

தென்திருவிதாங்கூரில் மருந்துப்பொருள்களைப் பச்சை மருந்து, அங்காடி மருந்து எனப் பிரிப்பர். தொடியிலும் வயல்வரப்பிலும் பறிப்பவை பச்சை மருந்து. கடையில் உலர்ந்த நிலையில் வாங்குபவை அங்காடி மருந்து. நீர்நோய்க்குரியவற்றுள் பெரும்பாலானவை முதல் வகையைச் சார்ந்தவை.

மணற்பாங்கான நிலத்தில் படரும் நெருஞ்சில், வழியோரங்களில் பரவும் மூக்கிரட்டை, வெண்பூக்கதிர் கொண்ட சிறுபீளை, வயலோர ஈரத்தில் வளரும் நீர்முள்ளி, ஆற்றங்கரை மாவிலங்கம், வீட்டுத் தோட்டத்து வாழைத்தண்டு ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றையே மலையாள வழக்கு முறையே ஞெரிஞ்ஞில், தழுதாம, செறூள, வயல்சுள்ளி, நீர்மாதளம், வாழைப்பிண்டி என வழங்கும். செறூள கேரளத்தின் தசபுஷ்பங்களுள் ஒன்று. அதே செடி தமிழகத்தின் பல பகுதிகளில் பொங்கலுக்கு முன் வீட்டுக் கூரையில் காப்பாகச் செருகப்படுவதால் பொங்கற்பூ எனப் பெயர் பெற்றது. இலங்கையில் அது பொல்பலா என்னும் சிங்களப் பெயரோடு அன்றாடப் பானமாகவே அருந்தப்படுகிறது.

இவற்றின் பயன்பாடு அச்சில் பதிவான வரலாறும் நெடியது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் அறிவு அதற்கு அடிப்படையாக அமைந்தது. தழுதாம அந்நூலில் இடம்பெற்ற செடிகளுள் ஒன்று. டச்சு மருத்துவர் ஹெர்மன் போர்ஹாவேயின் பெயரால் ‘போயர்ஹாவியா’ என்று அதற்குத் தாவரவியற் பெயர் அமைந்தது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சு நிறுவனத்தின் அரசியல் ஆதிக்கம் இக்கரையில் மங்கியது. அதன் ஆளுநர் ஒருவர் தொகுத்த மூலிகைப் பதிவோ நிலைத்தது.

19ஆம் நூற்றாண்டில் இப்பதிவு வேறொரு தளத்துக்கு நகர்ந்தது. திருவிதாங்கூர் அரசில் மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் ஜான் வாரிங் 1860இல் இந்தியக் கடைமருந்துகள் பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டார். 1868இல் வெளிவந்த ‘இந்திய மருந்தியல் நூல்’ அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டது. தலைநகரிலிருந்து தொலைவில், ஐரோப்பிய மருந்து கிட்டாத இடங்களில் உள்ளூர்ச் சரக்கைக் கொண்டே மருத்துவம் செய்ய வேண்டிய நிலையிலிருந்து பிறந்த முயற்சி இது. பெருநெருஞ்சிலின் பச்சை இலையைத் தண்ணீரில் அலசினால் நீர் கொழகொழப்பாகும். அதனை நீரெரிச்சலுக்குக் கொடுப்பர். ஐரோப்பிய மருத்துவர்களும் வியந்து குறித்த செய்முறை இது. அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவமும் நீர்ப்பாதை நோய்க்கு வால்மிளகையும் சந்தன எண்ணெயையுமே பெரிதும் நம்பியிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இரு மருத்துவங்களுக்கும் இடையே இத்துறையில் இருந்த தொலைவு மிகச் சிறியது.

மண்டைக்காட்டுக்கு அருகிலுள்ள நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவரோடு இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி தொடங்கியது. 1860களில் ஜான் லோ காலத்தில் உள்ளூர் இளைஞர்கள் மருத்துவம் பயிற்றுவிக்கப்பட்டனர். 1920களில் எவரெஸ்டு மலையேறியவரான ஹோவர்டு சாமர்வெல் இங்கு அறுவை மருத்துவராகப் பணியேற்றார். இதே காலத்தில் திருவனந்தபுரத்தில் 1889இல் தொடங்கிய ஆயுர்வேதப் பாடசாலையின் வழியாக அரசின் ஆதரவும் உள்நாட்டு மருத்துவத்துக்குக் கிட்டியது. ஆகவே ஒரே ஊரின் நோயாளி ஆசானிடமும், ஆயுர்வேத வைத்தியரிடமும், நெய்யூர் மருத்துவமனையிலும் மாறிமாறி மருத்துவம் பெறக்கூடிய சூழல் இப்பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவுகிறது. மருந்துகள் ஒன்றோடொன்று கலக்கும் இன்றைய சிக்கலின் தொடக்கம் இங்குள்ளது.

பெயர்ச்சிக்கல்

நெருஞ்சில் என்னும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டாலே இடர்ப்பாடு விளங்கும். தமிழ் மருத்துவ நூல்கள் சிறுநெருஞ்சில், பெருநெருஞ்சில், செப்புநெருஞ்சில் என மூன்றைக் குறிக்கும். சிறுநெருஞ்சில் ‘டிரிபுலஸ் டெரஸ்டிரிஸ்’. யானைநெருஞ்சில் எனவும் வழங்கும் பெருநெருஞ்சில் ‘பெடாலியம் மியூரெக்ஸ்’. செப்புநெருஞ்சில் ‘இண்டிகோஃபெரா லின்னேயி’ என்னும் அவுரி இனச் செடி. மூன்றும் மூன்று வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சார்ந்தவை. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் குதிரைகளுக்கு நரம்பு நோய் உண்டாக்குவதாக அறியப்பட்டது இம்மூன்றாவது செடியே. தென்னாப்பிரிக்காவில் சிறுநெருஞ்சிலை மேய்ந்த ஆடுகளுக்கு ஈரல் பழுதுற்று, வெயில் பட்ட தோல் வீங்கும் நோய் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளது. கால்நடை நாள்தோறும் மேயும் அளவும், மனிதர் அருந்தும் குடிநீரின் அளவும் ஒன்றல்ல. ஆயினும் ‘செடிதானே, தீங்கில்லை’ என்னும் பொதுக்கூற்று நிலைநிற்காது என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் இடையே நேரும் குழப்பம் இரண்டாவது எடுத்துக்காட்டு. இரண்டும் தரையில் படர்பவை. வடமொழியில் புனர்நவா எனக் குறிக்கப்படும் சரக்கின் பெயரில் இரண்டும் சந்தையில் விற்கப்படுவதுண்டு. மூக்கிரட்டை நீர்பெருக்கி. சாரணை வேரோ கடுமையான பேதி மருந்து. கருவைச் சிதைப்பது என்றும் மரபில் எச்சரிக்கப்பட்டது. கருவுற்ற பெண்ணுக்குக் கால்வீக்கத்துக்காக முன்னதைக் கருதிப் பின்னதைக் கொடுத்தால் விளையக்கூடிய கேடு சொல்லாமலே விளங்கும்.

கல்லைக் கரைப்பது என்னும் பொருளுடைய பாஷாணபேதம் மூன்றாவது எடுத்துக்காட்டு. வடநாட்டில் அது இமயமலைச் செடியாகிய பெர்ஜீனியா, கேரள வழக்கில் ஆற்றோரப் புதராகிய கல்லூர்வஞ்ஞி, தென்னகத்தின் பிற இடங்களில் சிறுபீளை, வங்கத்தில் இரணகள்ளி. நூலைப் படித்து ஒருவர் சொல்லும் பெயரைக் கேட்டு மற்றொருவர் கடையில் வாங்கும்போது கிடைப்பது எது என்பது அவர் நிற்கும் ஊரைப் பொறுத்தது. இரு மொழிகளும் புழங்கும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் இவ்விடர் இருமடங்காகிறது. முகைதீன் ஷெரீப் 1869இல் சென்னையில் வெளியிட்ட ‘இந்திய மருந்தியல் நூலின் பின்னிணைப்பு’ பல மொழிப் பெயர்களை ஒப்பிட்டுத் திருத்துவதையே தலையாய பணியாகக் கொண்டதற்குக் காரணம் இதுவே.

பெயர்ப் பிழை உயிர்ப் பிழையாக மாறும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு பெல்ஜியத்தில் நேர்ந்தது. பிரசெல்சு நகரில் உடல் மெலிவிக்கும் மருத்துவம் பெற்ற பெண்களிடம் சிறுநீரகம் விரைந்து சுருங்கிச் செயலிழப்பதை மருத்துவர்கள் 1993இல் வெளியிட்டனர். ‘ஹன் பாங் ஜி’ என்னும் சீன மூலிகைக்கு மாற்றாகப் பெயர் ஒத்த ‘குவாங் பாங் ஜி’ கலந்ததே காரணம் எனத் தெரிந்தது. பின்னது அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சார்ந்தது. பாதிக்கப்பட்டோர் தொகை நூறைக் கடந்தது. அவர்களுள் பலருக்குப் பின்னர் நீர்ப்பாதைப் புற்றும் கண்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இவ்வினச் செடிகள் கலந்த மருந்துகளை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவன என வகைப்படுத்தியது.

தமிழ் மருத்துவத்தில் ஆடுதீண்டாப்பாளையும், மலையாளத்தார் கருடக்கொடி என்னும் ஈசுரமூலியும் இவ்வினத்தைச் சார்ந்தவை. புழுநோய்க்கும் நச்சுக்கடிக்கும் அவை வழங்கின. அவற்றின் தீங்கு உடனே தோன்றுவதன்று. ஆண்டுகள் கடந்து வெளிப்படுவது. அனுபவ மரபின் எல்லையை இச்செய்தி தெளிவாக்குகிறது. உண்டவுடன் வாந்தியோ மயக்கமோ தரும் செடியை முன்னோர் எளிதில் விலக்கினர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் செடியை அனுபவம் மட்டும் கொண்டு இனங்காண இயலாது. ‘தலைமுறை தலைமுறையாக உண்கிறோம்’ என்னும் கூற்று உடனடிக் கேடின்மைக்குச் சான்றாகலாம். நெடுங்காலக் கேடின்மைக்குச் சான்றாகாது.

அளவும் காலமும் உடல்நிலையும்

செடி சரியானதாக இருந்தாலும் அளவு மிகுந்தால் தீங்கு நேரும். கல் உண்டாகாமலிருக்கச் சிறுநெருஞ்சில் நீரை மிகுதியாக அருந்திய ஈரானிய இளைஞர் ஒருவர் சிறுநீரகமும் ஈரலும் பழுதுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வு 2010இல் ஆய்விதழில் வெளியானது. கன்னியாகுமரிக்கு அண்மையில் நிகழ்ந்த எடுத்துக்காட்டும் உண்டு. மலையாளத்தில் இரும்பன்புளி எனப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்புக் குறைய வேண்டிச் செறிவாகக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தனர். காயிலுள்ள ஆக்சலேட் சிறுநீரக நுண்குழல்களில் படிகமாகப் படிந்ததே காரணம். மீன்குழம்பில் புளிப்புக்காக இடும் காய்தான் அது. குழம்பில் இடும் இரண்டு காயும், வெறும் வயிற்றில் குடிக்கும் ஒரு குவளைச் சாறும் ஒன்றல்ல. உணவை மருந்தாக்கும்போது அளவு மாறுகிறது. அளவு மாறும்போது பொருளின் இயல்பே மாறுகிறது.

உடல்நிலையும் கருதத்தக்கது. மூக்கிரட்டையில் பொட்டாசியம் நைத்திரேட்டு மிகுதி. அதன் நீர்பெருக்கும் ஆற்றலுக்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இளநீரிலோ 100 மில்லி லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்கும் மேல் பொட்டாசியம் உண்டு. நலமான சிறுநீரகம் இதனை எளிதில் வெளியேற்றும். பழுதுற்ற சிறுநீரகம் வெளியேற்றாது. குருதியில் மிகும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும். நீர்நோய்க்கு நல்லது என்று எவரும் தயங்காது பரிந்துரைக்கும் இளநீர், நெடுநாள் சிறுநீரக நோயாளிக்குக் கேடாவது இவ்வாறே.

பழைய மருத்துவர் இவ்வேறுபாட்டை அறியாதவரல்லர். வன்மை, மென்மை நோக்கி அளவைக் குறைப்பதும், பத்தியம் விதிப்பதும், இத்தனை நாள் எனக் காலம் வரையறுப்பதும் மரபின் பாதுகாப்பு முறைகளே. நண்டுக்கல், சிலாசத்து முதலியவற்றைச் சுத்தி செய்தபின் புடமிட்டுப் பற்பமாக்கிச் சிறு அளவில் அனுபானத்தோடு கொடுப்பதும் அத்தகையது. சுத்தி முறையில் குறை நேர்ந்தால் என்னாகும் என்பதையும், கலப்படத்தின் விளைவையும் இக்கால ஆய்வுகள் நினைவூட்டுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுள் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருப்பதைக் கண்டது. இன்று மூலிகை மட்டும் மரபிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனைச் சூழ்ந்திருந்த சுத்தியும் பத்தியமும் கால வரையறையும் கைவிடப்படுகின்றன.

நோயறிதல் என்னும் திறவுகோல்

நீரெரிச்சல் ஓர் அறிகுறியே, நோயன்று. அதன் பின்னே நீர்க்குறைவு இருக்கலாம், கல் இருக்கலாம், பாக்டீரியத் தொற்று இருக்கலாம், ஆண்களில் சுக்கிலச்சுரப்பி வீக்கமும் இருக்கலாம். நீர்பெருக்கி மூலிகை முதல் நிலையில் துணைசெய்யும். சிறு கல்லை நகர்த்தவும் மிகுநீர் உதவலாம். ஆனால் பெரும்பாலும் ‘எஸ்செரிச்சியா கோலை’ என்னும் நுண்ணுயிரால் உண்டாகும் தொற்று மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்துவிட்டால், நீரைப் பெருக்குவதால் மட்டும் அது தீராது. முற்றிலும் அடைபட்ட பாதையில் நீரைப் பெருக்குவதோ துன்பத்தை மிகுவிக்கும். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்புற வலி, நீரில் குருதி, நீர் அறவே இறங்காமை ஆகியவை தோன்றினாலும், நோயாளி கருவுற்றவராகவோ குழந்தையாகவோ நீரிழிவுடையவராகவோ இருந்தாலும், வீட்டு மருந்தில் கழியும் நாள்கள் சிறுநீரகத்தின் இழப்பாக முடியக்கூடும். சிறுநீரின் நிறத்தையும் மணத்தையும் நுரையையும் எஞ்சலையும் நோக்காமல் மருந்து கொடுக்கக்கூடாது என்னும் நீர்க்குறி நெறி, இன்றைய ஆய்வகச் சிறுநீர்ச் சோதனையோடு முரண்படுவதன்று. அதனை வேண்டி நிற்பது.

சட்டமும் அதன் எல்லையும்

1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தில் 1964இல் செய்யப்பட்ட திருத்தம் உள்நாட்டு மருந்துகளை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. நச்சுத்தன்மையுடைய சரக்குகளுக்குத் தனி அட்டவணையும், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கை வாசகமும் அதன் விதிகளில் உள்ளன. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் சட்டம், சிறுநீரகக் கல்லையும் சிறுநீர்ப்பைக் கல்லையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. 2018 முதல் இம்மருந்துகளின் பக்க விளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. சென்னைத் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் இடைநிலை மையங்களுள் ஒன்று.

எனினும் இச்சட்டங்கள் தொழிற்சாலையில் உருவாகும் மருந்தையே பெரிதும் நோக்கியவை. தொடியில் பறித்த செடிக்கும், அண்டை வீட்டார் சொல்லிய அளவுக்கும் சட்டம் எட்டாது. அங்கே காவலாக நின்றது செடியை நேரிற்கண்டு அறிந்த ஆசானின் கண்ணும் பாட்டியின் கையுமே. அவ்வறிவு அற்றுப்போகும் தலைமுறையில் செடியின் பெயர் மட்டும் எஞ்சுவது பேரிடர்.

முடிவுரை

மண்டைக்காட்டுக் கடலோரத்தின் நீர்நோய் மூலிகைகளுக்கு நூற்றாண்டுகள் கடந்த பதிவு வரலாறு உண்டு. அவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்குவதும், தீங்கற்றவை எனப் போற்றுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் மரபு வகுத்த பெயர்த் தெளிவையும் அளவையும் காலத்தையும் நோயறிதலையும் காணத் தவறுகின்றன. இருமொழி வழங்கும் இம்மாவட்டத்தில் ஊர்தோறும் வழங்கும் மூலிகைப் பெயர்களைச் செடி மாதிரியோடும் தாவரவியற் பெயரோடும் இணைத்துத் தொகுப்பது உடனடித் தேவை. அகராதிப் பணியாகத் தோன்றும் இது உண்மையில் உயிர்காக்கும் பணி. தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் சித்த மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து செய்யத்தக்க அப்பணியில், செடியை இன்னும் நேரிற்கண்டு சொல்ல வல்ல முதியோர் வாழும் காலத்திலேயே இறங்க வேண்டும்.